கடலுக்குள் வேலி உண்டா? விலங்குகளின் வரலாற்றை மரபணுவில் தேடுவது எப்படி

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தை ஒட்டிய கடலில் பெருந்தலை ஆமைகள் நிறைய உண்டு. ஏறக்குறைய எல்லாமே வளரும் பருவத்து ஆமைகள். அவை எங்கே பிறந்தவை என்ற கேள்விக்கு நீண்ட காலம் யாரிடமும் உறுதியான பதில் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையில் இந்த ஆமை முட்டையிடுவதில்லை. வட பசிபிக்கில் அது கரையேறி முட்டையிடுவது ஜப்பானில்தான். தெற்கே என்றால் ஆஸ்திரேலியப் பக்கம். ஜப்பானுக்கும் பாஹாவுக்கும் இடையே 10,000 கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீர் கிடக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும்போது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு குஞ்சு இவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று நம்பவே பலர் தயங்கினார்கள்.

1995இல் பிரையன் போவன் தலைமையிலான குழு இதற்கு விடை கண்டது. பாஹா கடலில் மேயும் ஆமைகளின் டிஎன்ஏவையும், ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் முட்டையிடும் ஆமைகளின் டிஎன்ஏவையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பாஹா ஆமைகளிலும், நடுக்கடலில் வலையில் சிக்கிய ஆமைகளிலும் சுமார் 95 சதவீதம் ஜப்பான் கரைக்குரிய டிஎன்ஏ வகைகளோடு பொருந்தின. அடுத்த ஆண்டே அடெலிட்டா என்று பெயரிடப்பட்ட ஒரு ஆமையின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பாஹாவிலிருந்து விட்டார்கள். ஓராண்டு நீந்தி அது ஜப்பான் கரையை நெருங்கியது.

இதற்கு ஒரு நடைமுறை விளைவும் இருக்கிறது. மெக்சிகோ மீனவரின் வலையில் ஒரு ஆமை செத்தால், பல ஆண்டுகள் கழித்து ஜப்பான் மணலில் முட்டையிட வேண்டிய ஒரு தாய் குறைகிறது. இரண்டு நாடுகளும் காப்பது ஒரே ஆமைக் கூட்டத்தைத்தான்.

ஒரு விலங்கைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'மொத்தம் எத்தனை இருக்கிறது?' என்றுதான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று என்பது என் எண்ணம். அது எத்தனை தனித்தனிக் கூட்டங்களாக இருக்கிறது, எந்தக் கூட்டம் எதோடு கலக்கிறது? கண்ணால் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. மரபணுவைக் கேட்டால் பெரும்பாலும் சொல்லும்.

எதைப் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் டிஎன்ஏ இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன மிக நீளமான ஒரு வரிசை அது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த வரிசை பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து மாறிவிடும். இதைச் சடுதி மாற்றம் என்கிறோம். பெரும்பாலான மாற்றங்களால் விலங்குக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் மாறிய எழுத்து அந்த விலங்கின் பிள்ளைகளுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

இங்கேதான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகள் கொண்ட வரிசையில் இரண்டு விலங்குகளுக்கு ஒரே இடத்தில் ஒரே அரிய மாற்றம் இருந்தால், அது இரண்டுக்கும் தனித்தனியாகத் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதையிடமிருந்து வந்திருக்கும் என்பதே பொருத்தமான விளக்கம். இப்படிப் பல மாற்றங்களைச் சேர்த்துப் பார்த்தால் யார் யாருக்கு நெருங்கிய உறவு, எந்தக் கூட்டம் எப்போது பிரிந்தது என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

டிஎன்ஏ இரண்டு இடங்களில் இருக்கிறது. உயிரணுவின் உட்கருவில் இருப்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகிறது. மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் இருப்பது மிகச் சிறியது, பெரும்பாலான விலங்குகளில் சுமார் 16,500 எழுத்துகள்தான். அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. ஒரே உயிரணுவில் அதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், பழைய எலும்பிலிருந்தோ காய்ந்த தோலிலிருந்தோ கூட அதை எடுத்துவிட முடிகிறது. ஆமை ஆய்வில் கைகொடுத்தது இந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏதான்.

1983இல் கேரி முல்லிஸ் உருவாக்கிய பிசிஆர் என்ற முறை வந்தபிறகு மாதிரி சேகரிப்பே எளிதாகிவிட்டது. துளியூண்டு டிஎன்ஏ இருந்தாலே அதைக் கோடிக்கணக்கில் பிரதி எடுத்துவிடலாம். ஆகவே விலங்கைப் பிடிக்கவே வேண்டியதில்லை. திமிங்கிலம் நீருக்கு மேல் எழும்போது வில்லிலிருந்து எய்யும் சிறு ஊசி முனையில் ஒட்டிவரும் தோல் போதும். புலியின் எச்சம், யானையின் சாணம், கரடி உரசிவிட்டுப் போன மரத்தில் சிக்கிய முடி, அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகளாகக் கிடக்கும் எலும்பு எல்லாமே மாதிரிதான். மிதக்கும் ஓர்கா (கொலைகாரத் திமிங்கிலம்) எச்சத்தைப் படகின் முனையில் நின்று மோப்பம் பிடித்துக் காட்டப் பழக்கப்பட்ட நாய்கள் கூட உண்டு.

கடலின் கண்ணுக்குத் தெரியாத எல்லைகள்

ஒன்றோடொன்று இணைசேர்ந்து குட்டி போடும் ஒரே இனத்து விலங்குகளின் கூட்டத்தை இனக்கூட்டம் என்கிறோம். ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு விலங்குகள் போய் அங்கே இனப்பெருக்கம் செய்தால் மரபணுக்களும் கூடவே போகின்றன. இது மரபணு ஓட்டம். ஓட்டம் தாராளமாக இருந்தால் இரண்டு கூட்டங்களும் மரபணுவில் ஒன்றுபோலவே இருக்கும். ஓட்டம் நின்றுபோனால் இரண்டும் மெல்ல மெல்ல வேறாகும்.

நிலத்தில் மலையும் ஆறும் பாலைவனமும் தடுப்பது நமக்குப் புரிகிறது. கடலில் எல்லாம் எல்லாவற்றோடும் கலந்துவிடும் என்றுதான் தோன்றும். உண்மை அப்படி இல்லை. தூரத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இரண்டு மீன்களே போதும்.

ஒன்று ஐரோப்பிய விலாங்கு. நார்வேயின் ஆற்றில் வளர்ந்ததும் வட ஆப்பிரிக்காவின் ஆற்றில் வளர்ந்ததும் இனப்பெருக்கத்துக்காக அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலுக்குப் போகின்றன. மரபணுவில் பார்த்தால் ஒரு கண்டம் முழுவதும் பரவியிருக்கும் இந்த விலாங்குகள் எல்லாம் ஒரே இனக்கூட்டம். ஒரு நாட்டின் ஆற்றில் அவற்றைப் பிடித்துத் தீர்த்தால், நட்டம் எல்லா நாட்டுக்கும்தான்.

இன்னொன்று கோமாளி மீன். அதன் குஞ்சுகள் பொரித்ததும் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குஞ்சுகள் எங்கேயோ போய்ச் சேரும் என்றுதான் நினைத்திருந்தார்கள். பப்புவா நியூ கினியின் கிம்பே தீவில் பெற்றோர் மீன்களின் டிஎன்ஏவையும், புதிதாக வந்து குடியேறிய குஞ்சுகளின் டிஎன்ஏவையும் ஒப்பிட்டார்கள். நம் ஊர்களில் பிள்ளைக்குத் தந்தை யார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் அதே பரிசோதனைதான். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, அந்தத் தீவின் பவளப்பாறையில் குடியேறிய குஞ்சுகளில் சுமார் 40 சதவீதம் அங்கேயே இருந்த மீன்களின் பிள்ளைகள். வேறு சில குஞ்சுகள் 35 கிலோமீட்டர் வரை போய் மற்றப் பாறைகளில் சேர்ந்திருந்தன. மீன்பிடிக்கத் தடை செய்த பகுதிகளை எவ்வளவு இடைவெளியில் அமைக்க வேண்டும் என்று முடிவு செய்ய இப்படிப்பட்ட எண்கள் நேரடியாக உதவுகின்றன.

ஆமைகளில் இன்னொரு சுவையான விஷயம் உண்டு. பெண் ஆமை தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகிறது. பச்சை ஆமைகளில் இது 1990இலேயே மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மூலம் காட்டப்பட்டது. ஒரே மேய்ச்சல் கடலைப் பகிர்ந்துகொள்ளும் ஆமைகள் கூட, முட்டையிடும் காலம் வந்ததும் தத்தம் கரைக்குப் பிரிந்து போகின்றன. அதே ஆமைகளின் உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தபோது, கரைகளுக்கு இடையிலான வேறுபாடு அவ்வளவு கூர்மையாக இல்லை. வழியில் வெவ்வேறு கரைகளின் ஆண்களும் பெண்களும் இணைசேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். தாய்வழி டிஎன்ஏவை மட்டும் பார்த்திருந்தால் கரைகள் முற்றிலும் பிரிந்தவை என்று முடிவு கட்டியிருப்போம். இருவழி டிஎன்ஏவை மட்டும் பார்த்திருந்தால் கரைகளுக்கு இடையே வேறுபாடே இல்லை என்று நினைத்திருப்போம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடப்பது புரியும். பாதுகாப்பைப் பொறுத்தவரை இங்கே தாய்வழிதான் முக்கியம். ஒரு கரையின் பெண் ஆமைகள் அழிந்தால், பக்கத்துக் கரையின் பெண் ஆமைகள் வந்து அந்த இடத்தைச் சீக்கிரம் நிரப்பாது.

எல்லையை உண்டாக்குவது எப்போதும் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் இரண்டு விதமான ஓர்காக்கள் ஒரே கடலில் நீந்துகின்றன. ஒரு வகை மீன் மட்டுமே தின்னும், குறிப்பாகச் சால்மன். இன்னொரு வகை சீல், டால்பின் போன்ற பாலூட்டிகளை வேட்டையாடும். இவை ஒன்றையொன்று கடந்து போகும், ஆனால் கலப்பதில்லை. அவற்றின் மரபணுக்கள் லட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பிரிந்திருப்பதைக் காட்டுகின்றன. இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகவே அறிவிக்க வேண்டும் என்று 2024இல் ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். என்ன தின்பது, எப்படி வேட்டையாடுவது என்பதைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் இரண்டு கூட்டங்களின் மரபணுவையே பிரித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கூட்டம் சுருங்கும்போது

ஒரு ஜாடியில் பத்து நிறங்களில் ஆயிரம் மணிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து மணிகளை மட்டும் எடுத்தால், சில நிறங்கள் வராமலே போய்விடும். அந்தப் பத்து மணிகளை மட்டும் வைத்து மறுபடியும் ஆயிரமாகப் பெருக்கினாலும், விட்டுப்போன நிறங்கள் திரும்ப வராது. விலங்குக் கூட்டத்திலும் இதுதான் நடக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை, எந்த மரபணு வகை அடுத்ததுக்குப் போகிறது என்பதில் அதிர்ஷ்டமும் பங்கு வகிக்கிறது. இதை மரபியல் நகர்வு என்பார்கள். பெரிய கூட்டத்தில் அதன் வேகம் குறைவு. சிறிய கூட்டத்தில் அது தாறுமாறாக வேலை செய்யும். கூட்டம் திடீரென்று ஒரு கைப்பிடி அளவுக்குக் குறைந்து போவதைப் பாட்டில் கழுத்து விளைவு என்கிறார்கள்.

வடக்கு யானை சீல் இதற்குப் பாடநூல் உதாரணம். எண்ணெய்க்காக அவற்றைக் கொன்று தீர்த்ததில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இனமே அழிந்துவிட்டது என்று நம்பினார்கள். 1892இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவில் ஒரு ஆய்வுக் குழு எட்டு சீல்களைக் கண்டது. கண்டதும் அவற்றில் ஏழை அருங்காட்சியகத்துக்காகக் கொன்றது. எப்படியோ வேறு சில தப்பியிருந்தன. பிற்பாடு மெக்சிகோவும் அமெரிக்காவும் பாதுகாப்பு கொடுத்தன. இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சீல்கள் இருக்கின்றன. தலைக்கணக்கு மட்டும் பார்த்தால் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் 1974இல் பானெல், செலாண்டர் என்ற இருவர் 159 சீல்களின் ரத்தப் புரதங்களைச் சோதித்தபோது, ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் காணவில்லை. மற்ற விலங்குகளில் சாதாரணமாகக் காணப்படும் வேறுபாடு இங்கே காணாமல் போயிருந்தது. எண்ணிக்கை மீண்டுவிட்டது, பன்மை மீளவில்லை.

பன்மை இல்லாவிட்டால் என்ன நட்டம்? எல்லா விலங்குகளும் ஒன்றுபோலவே இருந்தால், புதிதாக ஒரு நோய் வரும்போது எதிர்த்து நிற்கும் சிலராவது அந்தக் கூட்டத்தில் இருப்பது சந்தேகம். அதோடு நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேரும்போது, மறைந்திருந்த கெட்ட மரபணுக்கள் இருபக்கமிருந்தும் வந்து வெளிப்படும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மிஞ்சியிருந்த சுமார் 20 முதல் 30 பூமாக்களில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. வாலின் முனை மடங்கியிருந்தது, இதயத்தில் குறை இருந்தது, ஆண்களின் விரை கீழிறங்காமல் இருந்தது. 1995இல் டெக்ஸாஸிலிருந்து எட்டு பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கலப்பில் பிறந்த குட்டிகள் நன்றாகப் பிழைத்தன. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கரும்புலிகள் அடிக்கடி தென்படுவதற்குக் காரணமும் இதோடு தொடர்புள்ளதுதான். பெங்களூருவில் உள்ள தேசிய உயிர் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு, டேக்பெப் என்ற மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஒரு மாற்றம்தான் புலியின் கோடுகளை அகலமாக்கிக் கறுப்பாகக் காட்டுகிறது என்று 2021இல் வெளியிட்டது. வேறு காடுகளில் இந்த மாற்றம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சிமிலிபால் புலிகள் தனித்துப்போன ஒரு சிறு கூட்டம். அரிதாக இருந்த ஒரு மாற்றம் அங்கே நகர்வினாலும் உறவுக்குள் இணைசேர்வதாலும் பெருகிவிட்டது. பார்க்க அழகாக இருக்கிறது என்று மகிழ்ந்துவிட்டுப் போக முடியாது. அந்தப் புலிகளுக்கு வெளியிலிருந்து புது ரத்தம் வந்து சேரவில்லை என்பதன் அறிகுறி அது.

பரிணாமத்தை நேரடியாகப் பார்ப்பது

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் விளையாட்டு. இயற்கைத் தேர்வு வேறு. ஒரு மரபணு வகை இருந்தால் விலங்கு அதிகம் பிழைக்கிறது, அதிகம் குட்டி போடுகிறது என்றால், அந்த வகை கூட்டத்தில் பெருகும்.

இதற்கு ஸ்டிக்கில்பேக் என்ற விரல் நீள மீனைவிட நல்ல சாட்சி இல்லை. கடலில் வாழும் ஸ்டிக்கில்பேக்கின் உடல் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை எலும்புத் தகடுகள் வரிசையாக இருக்கும், கவசம் போட்டதுபோல. கடைசிப் பனி யுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகியபோது, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வட துருவத்தைச் சுற்றிய நாடுகளில் ஆயிரக்கணக்கான புதிய ஏரிகள் உருவாயின. கடல் மீன்கள் அவற்றில் ஏறிக் குடியேறின. ஏரிக்கு ஏரி தனித்தனியாக, ஆனால் ஒரே மாதிரி, கவசத்தை இழந்தன. சில தகடுகள்தான் மிச்சம்.

இத்தனை ஏரிகளில் ஒரே மாற்றம் திரும்பத் திரும்பப் புதிதாகத் தோன்றியதா? டேவிட் கிங்ஸ்லியின் குழு 2005இல் காட்டியது வேறு. இடிஏ என்ற மரபணுவின் ஒரு பழைய வகைதான் இதற்குக் காரணம். அந்த வகை கடல் மீன்களிலேயே அரிதாக, வெளியே தெரியாமல் இருந்துகொண்டிருக்கிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் மீனின் கவசத்தில் பெரிய மாற்றம் தெரியாது. கடல் மீன்கள் ஏரிக்கு வரும்போது அதையும் சுமந்துகொண்டே வருகின்றன. ஏரியில் கவசம் குறைவாக இருப்பது நல்லது என்ற நிலை வந்ததும், ஏற்கெனவே கையில் இருந்த அந்த வகை பெருகிவிடுகிறது. பரிணாமத்துக்குப் புது மாற்றத்துக்காகக் காத்திருக்க நேரமில்லாதபோது, பழைய பன்மை கைகொடுக்கிறது. யானை சீல் இழந்தது எதை என்பது இங்கே இன்னும் தெளிவாகிறது.

எவ்வளவு வேகம்? அலாஸ்காவில் லோபெர்க் என்ற ஏரியின் மீன்களை 1982இல் மருந்து போட்டு முற்றிலும் அழித்திருந்தார்கள். அப்புறம் கடலிலிருந்து ஸ்டிக்கில்பேக் தானாக ஏறி வந்தது. 1990இல் பார்த்தபோது ஏறக்குறைய எல்லா மீனுக்கும் முழுக் கவசம். 2001இல் முக்கால் பங்கு மீன்கள் குறைந்த கவசத்தோடு இருந்தன. பரிணாமம் என்றால் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் இந்த ஏரியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தில் இதைவிடத் துயரமான சாட்சி மொசாம்பிக்கின் கோரோங்கோசா தேசியப் பூங்காவில் இருக்கிறது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்ததில், 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. தந்தமில்லாத பெண் யானைகள் குறிவைக்கப்படாமல் தப்பின. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை சுமார் 18 சதவீதம், போருக்குப் பின் சுமார் 51 சதவீதம். 2021 ஆய்வு இதற்குக் காரணமான மரபணுக்களைச் சுட்டிக்காட்டியது. அந்த மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் கருவுக்கு அது வந்தால் கரு பிழைப்பதில்லை என்று கருதுகிறார்கள். ஒரு மனிதப் போர் யானைக் கூட்டத்தின் மரபணுவை மாற்றி எழுதிவிட்டது.

நீண்ட கால வரலாறும் இதே முறையில்தான் வெளியே வருகிறது. திமிங்கிலத்துக்கு இன்று உயிரோடு இருப்பவற்றில் மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். 1990களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டின் டிஎன்ஏவிலும் சைன் என்று அழைக்கப்படும் குறுந்துண்டுகளைத் தேடினார்கள். இவை டிஎன்ஏவுக்குள் எங்காவது ஓரிடத்தில் புகுந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் பெரும்பாலும் போகாது. திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் அதே இடங்களில் அதே துண்டுகள் இருந்தன, பசுவிலும் பன்றியிலும் இல்லை.

இன்னொன்று, பல்லில்லாத திமிங்கிலங்கள். நீலத் திமிங்கிலம், கூனல் திமிங்கிலம் போன்றவற்றுக்குப் பல் கிடையாது. வாய்க்குள் தொங்கும் பலீன் தட்டுகளால் இரையை வடிகட்டித் தின்கின்றன. ஆனால் கருவில் இருக்கும்போது அவற்றுக்குப் பல் மொட்டுகள் தோன்றி, பிறப்பதற்குள் கரைந்துவிடுகின்றன. பல் எனாமலை உண்டாக்கும் மரபணுக்களைத் தேடிப் பார்த்தால் அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன, ஆனால் உடைந்து போய். எனாமல் உருவாக அவசியமான எம்எம்பி20 என்ற மரபணுவுக்குள் ஒரு சைன் துண்டு புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருப்பதை 2011இல் கண்டார்கள். எல்லாப் பலீன் திமிங்கிலங்களிலும் உடைப்பு ஒரே இடத்தில்தான். அவற்றின் பொது மூதாதையிலேயே அது நடந்துவிட்டது என்று பொருள். பல்லோடு வாழ்ந்த முன்னோர்களின் தடயத்தை இந்த விலங்கு ஒவ்வொரு உயிரணுவிலும் இன்றும் சுமந்துகொண்டு நீந்துகிறது.

எண்ணுவது, கண்டுபிடிப்பது, காப்பது

கடல் நீரைக் குடுவையில் மொண்டு வடிகட்டி, அதில் உதிர்ந்து கிடக்கும் டிஎன்ஏவைப் பார்த்தே எந்தெந்த விலங்குகள் அந்தப் பக்கம் வந்தன என்று இப்போது சொல்லிவிடுகிறார்கள். கத்தார் கடலில் திமிங்கிலச் சுறாக்களை இப்படி ஆராய்ந்த முடிவு 2016இல் வெளியானது. ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியிலும் இதே முறையில் தேடினார்கள். ராட்சத ஊர்வனவற்றின் டிஎன்ஏ கிடைக்கவில்லை, விலாங்கு டிஎன்ஏ ஏராளமாகக் கிடைத்தது.

எண்ணுவதற்கும் உறவுமுறை உதவுகிறது. பிடிபட்ட ஆயிரக்கணக்கான தெற்கு நீலத்துடுப்புச் சூரை மீன்களின் டிஎன்ஏவை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அவற்றில் தாய் அல்லது தந்தையும் பிள்ளையுமாக அமைந்தவை 45 ஜோடிகள். கூட்டம் சிறியதாக இருந்தால் இப்படிப் பெற்றோரும் பிள்ளையும் மாதிரியில் சேர்ந்து சிக்கும் வாய்ப்பு அதிகம், பெரியதாக இருந்தால் குறைவு. இதை வைத்து வளர்ந்த மீன்கள் மொத்தம் எத்தனை என்று கணக்கிட்டார்கள். நடுக்கடலில் ஒரு மீனைக்கூட நேரில் எண்ணாமல்.

சட்டவிரோத வேட்டையைப் பிடிப்பதிலும் இதன் பங்கு பெரிது. 1986 முதல் வணிகத் திமிங்கில வேட்டைக்குச் சர்வதேசத் தடை இருந்தது. ஆய்வுக்காக என்று சொல்லி மிங்கி திமிங்கிலங்களை மட்டும் ஜப்பான் பிடித்துவந்தது. கடைகளில் விற்கும் இறைச்சி உண்மையில் எது என்று பார்க்க ஸ்காட் பேக்கரும் ஸ்டீவன் பலும்பியும் 1993இல் முயன்றார்கள். இறைச்சியை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகச் சட்டம் அனுமதிக்காது. ஆகவே டோக்கியோவில் தங்கும் விடுதி அறைக்குள்ளேயே சிறிய பிசிஆர் கருவியை வைத்து டிஎன்ஏவைப் பிரதி எடுத்தார்கள். செயற்கையாக எடுத்த பிரதியை வெளியே கொண்டுபோகத் தடையில்லை. மிங்கியோடு, பாதுகாக்கப்பட்ட கூனல் திமிங்கிலமும் துடுப்புத் திமிங்கிலமும் விற்கப்படுவது அதில் தெரியவந்தது. யானைத் தந்தத்துக்கு இதே வேலையைச் சாமுவேல் வாசர் செய்தார். ஆப்பிரிக்கா முழுவதும் சேகரித்த சாணத்தின் டிஎன்ஏவோடு, பறிமுதல் செய்யப்பட்ட தந்தத்தை ஒப்பிட்டு யானைகள் எங்கே கொல்லப்படுகின்றன என்று அடையாளம் காட்டினார்.

இந்த எண்களை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வட அட்லாண்டிக்கில் வேட்டைக்கு முன் எத்தனை கூனல் திமிங்கிலங்கள் இருந்தன என்பதை இன்றைய திமிங்கிலங்களின் மரபணுப் பன்மையிலிருந்து கணக்கிட்டு, சுமார் 2,40,000 என்று 2003இல் ஒரு ஆய்வு சொன்னது. வேட்டைப் பதிவேடுகளின் கணக்கோ அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. அதிக மரபணுக்களை வைத்து 2013இல் மறுபடியும் கணக்கிட்டபோது சுமார் 1,12,000 என்று வந்தது. அதிலும் பிழை இடைவெளி மிகப் பெரிது. சடுதி மாற்றம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது, பக்கத்துக் கடலிலிருந்து எத்தனை விலங்குகள் வந்து கலந்தன என்பதைக் கொஞ்சம் மாற்றிக் கணித்தாலே விடை இரண்டு மடங்காகும், பாதியாகும்.

பன்மை குறைந்தால் இனம் கட்டாயம் அழியும் என்பதும் சரியல்ல. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் வாக்கீட்டா, டால்பினுக்கு உறவான மிகச் சிறிய கடல் பாலூட்டி. இன்று பத்துக்கு அருகில்தான் மிஞ்சியிருக்கிறது. இவ்வளவு குறைந்துவிட்டதால் உறவுக்குள் இணைசேர்ந்தே அழிந்துவிடும், இனி முயற்சி எடுப்பது வீண் என்று பேச்சு எழுந்தது. பல ஆண்டுகளாகச் சேகரித்து வைத்திருந்த 20 வாக்கீட்டாக்களின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்த குழு 2022இல் வேறு கதை சொன்னது. வாக்கீட்டா பல்லாயிரம் ஆண்டுகளாகவே சில ஆயிரம் விலங்குகள் கொண்ட சிறு கூட்டமாக வாழ்ந்திருக்கிறது. அந்த நீண்ட காலத்தில் பல கெட்ட மரபணுக்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டுவிட்டன. ஆகவே உறவுக்குள் இணைசேர்வதால் அதற்கு வரக்கூடிய தீங்கு, பெரிய கூட்டமாக இருந்து திடீரென்று குறைந்த விலங்குகளுக்கு வருவதைவிடக் குறைவு.

வாக்கீட்டாவைக் கொல்வது டோட்டோவாபா என்ற மீனுக்காகத் திருட்டுத்தனமாகப் போடும் செவுள் வலை. அந்த மீனின் காற்றுப்பை கடத்தல் சந்தையில் பெரும் விலைக்குப் போகிறது. வலைச் சாவு முற்றிலும் நின்றால், அடுத்த 50 ஆண்டுகளில் வாக்கீட்டா அழியும் வாய்ப்பு 6 சதவீதம் மட்டுமே என்கிறது அந்தக் குழுவின் கணிப்பு. வலையை ஓரளவு மட்டும் குறைத்துவிட்டு மிச்சத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த வாய்ப்பு கிடுகிடுவென்று ஏறுகிறது.